முதல் கேமரா வாங்கப்போகும் பிள்ளைகளுக்கு

“சார், போன் போதல, ஒரு நல்ல கேமரா வாங்கணும், எதை வாங்கலாம்?” என்று பழைய மாணவர்கள் சிலர் கேட்கிறீர்கள். கடையில் மெகாபிக்சல் கணக்கு சொல்வார்கள். மயங்காதீர்கள் மக்கா, 24 நமக்குத் தாராளம். பாடியில் காசை மிச்சம்பிடித்து லென்ஸில் போடுங்கள் என்பதுதான் என் கட்சி.

கூடவே தரும் 18-55 லென்ஸை முழுசாக நீட்டினால் எஃப் 5.6. தனியாக விற்கும் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸோ அதைவிடச் சுமார் பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். (அறை சின்னதென்றால் 35 மி.மீ. வாங்குங்கள்.) ஓட்டு வீட்டு அரையிருட்டில் வெற்றிலை இடிக்கும் பாட்டியை ஃபிளாஷ் இல்லாமல் எடுக்க அதுதான் வேண்டும். கன்னியாகுமரி சூரிய உதயத்தை எடுக்கத் தினமும் ஆயிரம் பேர் நிற்கிறார்கள். உங்கள் பாட்டியை எடுக்க உங்களை விட்டால் யார்?

கழுத்தை இழுக்கும் கனமான கேமரா அலமாரிக்குள்தான் கிடக்கும். செகண்ட் ஹேண்ட் வாங்கலாம், தப்பில்லை. லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள்.

நமக்கு வருஷத்தில் இரண்டு மழைக்காலம், போதாததற்கு உப்புக்காற்று. தோல்பையில் பூட்டி வைக்காமல், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். அரிசிக்குள் புதைக்க வேண்டாம், தூசி ஏறிவிடும்.