சத்தம் போச்சு... சொல்லும் போச்சு!

இரைச்சல் நீக்கும் மென்பொருட்களை ஒப்பிடும் வீடியோ எதை எடுத்துக்கொண்டாலும் ஒரே ஃபார்முலாதான். ஒருவர் பேசுகிறார். பின்னால் மின்விசிறி ஓடுகிறது, ரோட்டில் லாரி போகிறது. பேச்சின் நடுவே ஒரு பட்டனை அமுக்குகிறார். சட்டென்று நிசப்தம்! 'முன்பு', 'பின்பு' என்று இரண்டு படங்கள் காட்டுவார்கள். 'பின்பு' படத்தில் சொற்களுக்கு நடுவே ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேர்கோடு. உடனே ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம். எந்த மென்பொருள் இடைவெளியை அதிகம் மௌனமாக்கியதோ அதற்கே முதல் பரிசு.

இந்த மார்க் போடும் முறையே தப்பு. பேச்சைப் பதிவு செய்வது பேச்சைக் கேட்பதற்கு; பேசாத நேரத்தைக் கேட்பதற்கு அல்ல.

நம்பிக்கை இல்லாதவர்கள் 'நாய்ஸ் கேட்' என்கிற பழைய சமாச்சாரத்தைப் பார்த்தால் போதும். ஒலி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் கதவைச் சாத்தும், மேலே ஏறினால் திறக்கும். அவ்வளவுதான் அதன் அறிவு. பேசும்போது கதவு திறந்திருப்பதால் மின்விசிறியும் கூடவே உள்ளே வந்துவிடும். ஒரு எழுத்தைக்கூட அது சுத்தம் செய்வதில்லை. போதாக்குறைக்கு, மெல்லிய குரலில் முடிகிற சொற்களின் வாலையும் நறுக்கிவிடும். ஆனால் இடைவெளி மௌனத்தை வைத்து மார்க் போட்டால் நாய்ஸ் கேட்தான் ஸ்டேட் ஃபர்ஸ்ட்!

இன்னொரு கோல்மாலும் உண்டு. முதலில் இரைச்சலோடு ஒரு வாக்கியம் போடுவார்கள், அடுத்து அதே வாக்கியம் 'சுத்தமாக'. இரண்டாம் முறை வரும்போது வாக்கியம் ஏற்கனவே தெரிந்த வாக்கியம். பல வீடியோக்களில் கீழே எழுத்தும் ஓடும். விடைத்தாளைக் கையில் கொடுத்துவிட்டு, பரீட்சை சுலபமாக இருந்ததா என்று கேட்கிற கதைதான். வரிசையை மாற்றி, சுத்தம் செய்ததை முதலில் போட்டுப் பார்க்கட்டுமே? யாரும் செய்வதில்லை.

சரி, முறைகளுக்கு வரலாம். 1979ல் ஸ்டீவன் போல் விளக்கிய 'ஸ்பெக்ட்ரல் சப்ட்ராக்‌ஷன்' இந்தத் துறையின் பாலபாடம். பேச்சை 20, 30 மில்லிசெகண்ட் துண்டுகளாக வெட்டுவது, ஒவ்வொரு துண்டிலும் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்று பார்ப்பது, யாரும் பேசாத நேரத்தில் கணித்த சராசரி இரைச்சலை அதிலிருந்து கழிப்பது. ஆடாசிட்டியில் 'நாய்ஸ் ப்ரொஃபைல்' எடுப்பவர்கள் செய்வதும் இந்தக் குடும்பத்து வேலைதான். சிக்கல் என்னவென்றால் சராசரி வேறு, அந்தந்த நொடியின் இரைச்சல் வேறு. சில இடத்தில் அதிகமாகக் கழியும், சில இடத்தில் மிச்சம் நிற்கும். மிச்சம் நின்ற துணுக்குகள் தண்ணீருக்குள் மணி ஆட்டுகிற மாதிரி கிணுகிணுக்கும். இதற்கு இந்தத் துறையில் 'மியூசிக்கல் நாய்ஸ்' என்று பெயர். இசையை அவமதிக்கிற பெயர்! இஸ்ரேலைச் சேர்ந்த எஃப்ரைமும் மாலாவும் 1984ல் புள்ளியியல் அடிப்படையில் கொடுத்த முறை அந்தக் கிணுகிணுப்பைப் பெருமளவு அடக்கியது. வீனர் வடிகட்டி, சப்ஸ்பேஸ் முறை என்று மற்ற குடும்பங்களும் உண்டு.

இவற்றையெல்லாம் ஒழுங்காக ஒப்பிட்டவர்கள் இல்லாமல் இல்லை. டல்லாஸில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் யி ஹூ, ஃபிலிப்போஸ் லொய்ஸூ இருவரும் 2007ல் வெளியிட்ட ஆய்வு அப்படிப்பட்டது. நான்கு குடும்பங்களிலிருந்து எட்டு முறைகள். கூட்டப் பேச்சு, கார், தெரு, ரயில் என நான்கு வகை இரைச்சல். இரைச்சலும் பேச்சும் சம பலத்தில் இருக்கும் 0 டெசிபல் ஒன்று, பேச்சு கொஞ்சம் மேலோங்கிய 5 டெசிபல் ஒன்று. காது நன்றாகக் கேட்கும் ஆட்களை உட்காரவைத்து, 'எப்படி இருக்கிறது?' என்று கேட்காமல் 'என்ன சொன்னார்கள்?' என்று கேட்டார்கள்.

முடிவு? ஒரே ஒரு இரைச்சல் சூழலைத் தவிர, எந்த முறையும் சொற்களைப் புரிந்துகொள்வதைக் குறிப்பிடும்படி உயர்த்தவில்லை. எட்டில் ஒன்றுகூட! இதைவிடச் சுவாரசியமான சேதி ஒன்றும் அதில் உண்டு. முந்தைய சோதனைகளில் 'கேட்க நன்றாக இருக்கிறது' என்று பேர் வாங்கிய முறைகளும் சொல்லைக் காப்பாற்றிய முறைகளும் வேறு வேறாக இருந்தன. சப்ஸ்பேஸ் முறை தரத்தில் கடைசி பெஞ்ச். சொல்லைக் கெடுக்காமல் வைத்திருப்பதில் நல்ல மார்க். நட்சத்திரம் கொடுப்பவர்கள் கையில் அது சிக்கியிருந்தால் முதல் நாளே குப்பைத்தொட்டிக்குப் போயிருக்கும்.

ஏன் இப்படி? அந்த ஆய்வே ஒரு பதில் தருகிறது. மெய்யொலி வாயில் எந்த இடத்தில் பிறக்கிறது என்ற தகவலை எந்த முறையும் குறிப்பிடும்படி மீட்டுத் தரவில்லை. அவர்கள் சோதித்தது ஆங்கில ஒலிகளை. தமிழ் பேசுகிறவர்களுக்கு இதன் கனம் சொல்லாமலே புரியும். பள்ளிக்கும் பல்லிக்கும் உள்ள வித்தியாசம் நாக்கு தொடும் இடத்தில்தானே இருக்கிறது! உயிரெழுத்துகள் நீளமானவை, பலமானவை, தாக்குப்பிடித்துவிடும். மெய்யொலிகளின் அடையாளமோ சில பத்து மில்லிசெகண்டில் வந்து போகும் மெல்லிய அசைவு. ஸ, ஷ போன்றவை தம்மளவிலேயே இரைச்சல் மாதிரி இருப்பவை. இரைச்சலைத் துடைக்கும் துணி முதலில் துடைத்துப் போடுவது இவற்றைத்தான். மிஞ்சுவது வழவழப்பான குரல். கேட்க சுகம், ஆனால் 'என்ன சொன்னார்?'

"அதெல்லாம் பழைய கதை, இப்போது நியூரல் நெட்வொர்க் வந்துவிட்டது" என்பார்கள். பாதி உண்மை. 2013ல் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஹீலி, வாங் குழுவினர் நியூரல் நெட்வொர்க் மூலம் காது மந்தமானவர்களுக்கு வாக்கியங்கள் புரிவதை நிஜமாகவே உயர்த்திக் காட்டினார்கள். பெரிய சாதனை, சந்தேகமே இல்லை. ஆனால் அவர்கள் அதை நிரூபித்தது ஆட்களை எழுப்பிக் கேட்டு, சொற்களை எண்ணி. 'முன்பு-பின்பு' படம் காட்டி அல்ல.

இன்னொரு பக்கம், பலரும் இலவசமாகப் பயன்படுத்தும் ஆர்என்நாய்ஸ். இதுவும் நியூரல் நெட்வொர்க்தான். பேச்சை 22 அதிர்வெண் பட்டைகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் எவ்வளவு அடக்கலாம் என்று முடிவு செய்யும். இதை உருவாக்கிய ழான்-மார்க் வாலின் 2017ல் அதை அறிமுகப்படுத்தியபோதே, ஒற்றை மைக்கை வைத்து இரைச்சலை அடக்குவது பேச்சை அதிகம் புரியவைக்காது, தொந்தரவைத்தான் குறைக்கும் என்ற பொருளில் எழுதிவிட்டார். பல பேர் சேர்ந்து பேசும் கான்ஃபரன்ஸில் ஒவ்வொருவர் வீட்டு இரைச்சலும் கூடிப்போகாமல் தடுப்பது போன்ற இடங்களில் அதற்கு நல்ல பயன் உண்டு. செய்தவரே அடக்கமாகச் சொன்னதை, வாங்கிப் போட்டவர்கள் 'மேஜிக்' ஆக்கிவிட்டார்கள்!

தொந்தரவு குறைவது சின்ன விஷயம் இல்லைதான். ஒரு மணி நேரப் பேட்டியைத் தலைவலி இல்லாமல் கேட்க முடிவது லாபம். பாட்காஸ்டுக்கு அது போதும். சிக்கல், சொல்தான் முக்கியம் என்கிற இடத்தில். களப்பணிக்குப் போன மாணவி எண்பது வயதுக்காரரின் பேச்சைப் பதிவு செய்து வருகிறாள். ஊர்ப்பெயர், ஆள்பெயர், வழக்கொழிந்த சொற்கள். ஒரு எழுத்து மாறினால் வேறு ஊர். நீதிமன்றத்துக்குப் போகும் ஒலிப்பதிவும் அப்படியே.

இந்த இடத்தில்தான் புதிய ஜெனரேட்டிவ் முறைகள் வயிற்றில் புளியைக் கரைக்கின்றன. பழைய முறைகளும் ஆர்என்நாய்ஸும் இருப்பதைக் குறைக்க மட்டுமே தெரிந்தவை. எழுத்து போனால் அந்த இடம் மங்கலாக இருக்கும், கேட்பவருக்குச் சந்தேகம் வரும், திரும்பக் கேட்பார். ஜெனரேட்டிவ் முறை அப்படி இல்லை. பேச்சு எப்படி இருக்கும் என்று ஏராளமான பதிவுகளில் கற்றுக்கொண்டு, மங்கிய இடத்தில் புதிதாக ஒலியை உற்பத்தி செய்து நிரப்புகிறது. 'ள' இருந்த இடத்தில் ஸ்டுடியோ தரத்தில் ஒரு 'ல' வந்து உட்காரலாம். உட்கார்ந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. அத்தனை துல்லியமான தப்பு! இதற்கும் அந்த வீடியோக்காரர்கள் ஐந்து நட்சத்திரம்தான் தருவார்கள். இடைவெளி மௌனமாக இருக்கிறதே.

ஒலிக் காப்பகங்கள் இந்த ஆபத்தை எப்போதோ யோசித்துவிட்டன. ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் சர்வதேச சங்கமான ஐஏஎஸ்ஏவின் வழிகாட்டல்படி, பழைய நாடாவை டிஜிட்டலாக்கும்போது மூலப் பிரதி எந்தத் திருத்தமும் இல்லாமல், குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் இருக்கவேண்டும். சுத்தம் செய்வதெல்லாம் தனிப் பிரதியில். வீட்டிலோ பட்டனை அமுக்கி, 'சேவ்' கொடுத்து, மூலத்தின் மேலேயே எழுதிவிடுகிறார்கள். இடம் மிச்சமாம்! ஒரு மணி நேரப் பேச்சு மோனோவில் அந்தத் தரத்தில் வைத்தாலும் சுமார் 520 எம்பிதான். ஒரு சினிமா பிடிக்கும் இடம்கூட இல்லை.

எந்த ஒப்பீட்டு வீடியோவும் முதலிடத்தில் வைக்காத முறை ஒன்று இருக்கிறது. மைக்கைப் பக்கத்தில் கொண்டுபோவது. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியானால் நேரடிக் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். தூரத்து லாரியின் சத்தம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். 60 சென்டிமீட்டரில் மேஜைமேல் கிடக்கும் போனை 15க்குக் கொண்டுவந்தால் 12 டெசிபல். ஒரு மெய்யெழுத்தும் சாகாமல்! இலவசம் என்பதால்தானோ என்னவோ, இதற்கு விளம்பரம் இல்லை.

மென்பொருட்களை ஒப்பிட்டே தீரவேண்டும் என்பவர்களுக்கு வழி ரொம்பச் சுலபம். விஷயம் தெரியாத நாலு நண்பர்கள், இருபது வாக்கியங்கள். ல, ள, ழ மாறினால் அர்த்தம் மாறுகிற சொற்கள் அதில் கட்டாயம் இருக்கட்டும். பாதியை அப்படியே இரைச்சலோடும் பாதியைச் சுத்தம் செய்தும் கலந்து போடவேண்டும். இரண்டு பேருக்கு இரைச்சலோடு போட்ட வாக்கியங்கள் மற்ற இருவருக்குச் சுத்தம் செய்து போகட்டும். யாருக்கும் எந்த வாக்கியமும் இரண்டு தடவை கிடையாது. கேட்டதைத் தாளில் எழுதச் சொல்லி, சரியான சொற்களை எண்ணவேண்டும். ஒரு மதியம் போதும். சுத்தம் செய்த வாக்கியங்களில் மார்க் குறைந்திருந்தால் அந்த மென்பொருளுக்கு எத்தனை நட்சத்திரம் என்பதை வீடியோ போடுபவர்களே சொல்லட்டும்.