ஏரி நஷ்டத்துக்குக் கணக்கு எங்கே?

பெங்களூரின் மிகப் பெரிய ஏரியான பெல்லந்தூரில் 2015-ல் நுரை தீப்பிடித்தது. 2017-லும் 2018 ஜனவரியிலும் மீண்டும் தீ. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2018 டிசம்பரில் கர்நாடக அரசுக்கு 50 கோடி ரூபாயும் பெங்களூர் மாநகராட்சிக்கு 25 கோடி ரூபாயும் அபராதம் விதித்தது. சீரமைப்புப் பணிக்கென 500 கோடி ரூபாயைத் தனிக் கணக்கில் போட்டு வைக்கவும் மாநில அரசுக்கு உத்தரவிட்டது. பெரிய தொகைகள்தாம். ஆனால் ஏரி கெட்டதால் யாருக்கு, எவ்வளவு நஷ்டம் என்ற கேள்விக்கு இவை விடையாகா. அபராதம் வேறு, நஷ்டக் கணக்கு வேறு.

சாக்கடை தேங்கும் ஏரியை ஒட்டிய வரிசை வீடுகளில் வாடகை குறைவு. கட்டடத் தொழிலாளியும் காவலாளியும் அங்கே குடியேறக் காரணம் அதுதான். வாடகையில் மிச்சமாகும் பணம் கொசுவர்த்தியிலும், கேன் தண்ணீரிலும், குழந்தையின் வைத்தியத்திலும், வேலைக்குப் போகாத நாளின் கூலியிலும் கரைந்துவிடுகிறது. இந்தச் செலவு எந்த அரசு ஏட்டிலும் ஏறுவதில்லை. ஏறாத செலவை யார் ஈடு செய்வார்கள்?

இத்தகைய இழப்புகளை ரூபாயில் அளந்து காட்டும் படிப்புதான் சுற்றுச்சூழல் பொருளாதாரம். ஒரே அளவுள்ள இரு வீடுகளில் ஏரிக்கரை வீட்டின் வாடகை எவ்வளவு குறைவு என்று பார்ப்பதும், நல்ல தண்ணீருக்காக ஒரு குடும்பம் மாதந்தோறும் என்ன செலவிடுகிறது என்று கேட்டு எழுதுவதும் அதன் வழிமுறைகளில் சில. குமாஸ்தா வேலை பார்ப்பவர்களுக்கு இது புரியாத வித்தை அல்ல. பேரேட்டில் விடுபட்ட பற்றைத் தேடிப் பதிவது போன்றதே.

பெல்லந்தூரின் கழிவுநீர் பெல்லந்தூரில் நின்றுவிடுவதில்லை. வர்த்தூர் ஏரி வழியாகத் தென்பெண்ணையில் கலந்து, மாநில எல்லையைத் தாண்டி ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணைக்குப் போகிறது. அங்கே நுரை பொங்குவது பல ஆண்டுகளாகவே செய்தி. காரணம் ஒரு மாநிலத்தில், நஷ்டம் இரண்டு மாநிலங்களில். பெங்களூர் ஆய்வாளர் பெல்லந்தூரோடு நிறுத்திக்கொண்டால் பாதிக் கணக்குத்தான் வரும். சென்னை ஆய்வாளர் கெலவரப்பள்ளியில் தொடங்கினாலும் அதே குறை. கல்வி நிலையங்கள் கைகோக்க வேண்டும் என்பது இங்கே வெறும் உபசார வார்த்தை அல்ல.

கைகோக்கத் தகுதியான நிலையங்கள் இல்லாமலும் இல்லை. வி.கே.ஆர்.வி. ராவ் 1972-ல் நிறுவிய சமூக, பொருளாதார மாற்ற ஆய்வு நிறுவனம் பெங்களூரில் இருக்கிறது. நீரையும் உயிரினங்களையும் ஆராயும் விஞ்ஞானிகள் இந்திய அறிவியல் கழகத்தில் இருக்கிறார்கள். சென்னைப் பொருளியல் பள்ளி 1993-ல் தோன்றியது. சுற்றுச்சூழல் பொருளாதாரத்தில் பெயர் பெற்றது. காட்மாண்டைத் தலைமையிடமாகக் கொண்டு 1999-ல் தொடங்கிய தெற்காசிய ஆய்வாளர் கூட்டமைப்பு ஒன்று, இளம் ஆசிரியர்களுக்கு ஆராய்ச்சித் தொகை தந்து, பார்த்தா தாஸ்குப்தா போன்ற பொருளியல் மேதைகளின் பயிற்சியும் கிடைக்கச் செய்தது. இந்தியாவும் பாகிஸ்தானும் வங்கதேசமும் ஒரே மேசையில் உட்கார முடிந்திருக்கிறது. பெங்களூருக்கும் சென்னைக்கும் ஓர் இரவு ரயில் தூரம்கூட இல்லை.

குறை இருப்பது சாதாரணக் கல்லூரிகளில். சுற்றுச்சூழல் கல்வி கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 1991-ல் கூறியது. 2003-ல் மறுபடி வற்புறுத்திய பிறகே பட்டப் படிப்பில் ஆறு மாதப் பாடம் வந்தது. அதையும் பல மாணவர்கள் தேர்வுக்கு மனப்பாடம் செய்து மறந்துவிடுகிறார்கள். பொருளாதார ஆசிரியருக்கு நீர்ப் பரிசோதனை தெரியாது. வேதியியல் ஆசிரியருக்கு விலைக் கணக்கு தெரியாது. ஒரே கட்டடத்தில் மேல்மாடியிலும் கீழ்மாடியிலும் இருந்தும் இருவரும் சேர்ந்து ஓர் ஆய்வு நடத்துவது அபூர்வம். புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, பொன்னாடை போர்த்திப் படம் எடுத்துக்கொள்வதோடு முடியும் கூட்டுறவால் இந்தக் குறை தீராது.

கணக்கு இருந்தால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு வேலூர் வழக்கு விடை சொல்லும். தோல் பதனிடும் தொழிற்சாலைகளால் பாலாற்றங்கரை கெட்டதை விசாரித்த உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே ஈடு தர வேண்டும் என்று 1996-ல் தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டோரைக் கண்டறிந்து ஈட்டுத் தொகையை நிர்ணயிக்கத் தனி ஆணையம் அமைக்கவும் பணித்தது. உரிமையை நீதிமன்றம் சொல்லிவிடலாம். ஏக்கருக்கு எவ்வளவு, கிணற்றுக்கு எவ்வளவு என்பதை யாரோ உட்கார்ந்து அளந்தாக வேண்டும்.

பெல்லந்தூர் முதல் கெலவரப்பள்ளி வரை ஒரே ஆய்வாக இரு மாநிலக் கல்லூரிகளும் இதைத் தொடங்கலாம். இரு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களும் தங்கள் நீர்ப் பரிசோதனை விவரங்களை மாதந்தோறும் கல்லூரிகளுக்குத் தர வேண்டும். செலவுக்குத் தீர்ப்பாயம் விதித்த அபராதத்தில் சிறு பங்கு போதும். பெங்களூரில் பிழைக்க வந்த தமிழர் வீட்டுப் பிள்ளைகள் கன்னடமும் தமிழும் அறிந்தவர்கள். ஆற்றின் இரு பக்கமும் வீடு வீடாகச் சென்று விசாரிக்க அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் கிடைப்பது அரிது. அவர்கள் கையில் கொடுக்கும் கேள்வித்தாள் தமிழ், கன்னடம், தெலுங்கு ஆகிய மூன்றிலும் அச்சாக வேண்டும். ஓசூர்ப் பக்கத்து உழவர்கள் மூன்றும் பேசுபவர்கள்.