மூணாவது ஆள் வந்தாத்தான் தெரியும்

மக்களே, இன்னிக்கு கொஞ்சம் பொட்டி தட்டுற சமாச்சாரம். அலர்ஜி உள்ளவங்க இப்பவே எஸ்கேப் ஆயிடலாம் :-)

2020 ஊரடங்கில் ஊருக்கு வந்து, குமாரபாளையத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவே ஆணி புடுங்கிட்டிருந்த நேரம். தெரிஞ்ச டியூஷன் சார் ஒருத்தருக்கு வாடகை சர்வரில் ஜிட்சி போட்டுக் கொடுத்திருந்தேன். ப்ளஸ் டூ பசங்க நாற்பது பேர். பாதிப் பேருக்கு அப்பாவோட போன்தான். அவர் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பறதுக்குள்ள வகுப்பு முடியணும். ஒரு ராத்திரி சர்வர் டிஸ்க் மொத்தமா போயிடுச்சு.

"ஒண்ணும் பயப்படாதீங்க சார், பேக்கப் இருக்குதுங்க"ன்னேன், கெத்தா.

இருந்தது என்னன்னா, ஈடிசிக்குள்ள இருக்கிற ஜிட்சி ஃபோல்டர் ஒண்ணே ஒண்ணு. புது சர்வரில் ஜிட்சியைப் போட்டு, அது மேலேயே பழைய ஃபோல்டரைக் கொட்டினேன். பக்கம் ஜோரா திறந்துச்சு, மீட்டிங் மட்டும் தொடங்கலை. ஜிகோஃபோவும் வீடியோ பிரிட்ஜும் ப்ரோசடிகிட்ட பாஸ்வேர்டு சொல்லித்தான் உள்ளே போகணும். புதுசா இன்ஸ்டால் பண்ணா புது பாஸ்வேர்டு. என் ஃபோல்டரில் இருந்ததோ பழசு. சாரோட லாகின் கணக்கும் ப்ரோசடியோட டேட்டா ஃபோல்டரில்தான் இருந்திருக்கு, அதையும் நான் எடுக்கலை. எல்லாக் கணக்கையும் கையால திரும்பப் போட்டு முடிக்கிறப்போ நடுராத்திரி. நானும் சாரும் பேசிப் பார்த்தோம், படம் குரல் ரெண்டும் பளிச்.

காலையில் மூணாவதா ஒரு பையன் வந்தான். எல்லார் படமும் போச்சு!

ரெண்டு பேர் மட்டும்னா ஜிட்சி நேரா இவங்க அவங்கன்னு இணைச்சிடும். மூணு பேர் ஆனாத்தான் வீடியோ பிரிட்ஜ் வழியா, யூடிபி 10000 போர்ட்டில் போகும். அந்த பிரிட்ஜ் கான்ஃபிக்கில் செத்துப்போன சர்வரோட ஐபி முகவரியை நானே பத்திரமா ரீஸ்டோர் பண்ணி வச்சிருந்தேன். அன்னிக்கு வகுப்பு இல்லை. அந்த அப்பாக்கள் போனை எடுத்துக்கிட்டு வேலைக்குப் போயிட்டாங்க.

அதுல இருந்து, வேற மெஷினில் ரீஸ்டோர் பண்ணி மூணு பேர் பேசிப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப்புன்னே ஒத்துக்கறதில்லை. சண்டைக்கு வர்றவங்க வரலாம். "ஸ்னாப்ஷாட் இருக்கே பாஸ்"னு சொல்ற கோஷ்டிக்கு: 2021 மார்ச் 10-ல் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஎச் கம்பெனியோட டேட்டா சென்டர் எரிஞ்சப்போ, பேக்கப்பையும் அங்கேயே வச்சிருந்தவங்களுக்கு ரெண்டும் சாம்பல். (2003-ல் ஜிட்சி பிறந்ததும் அதே ஊர்ப் பல்கலைக்கழகத்தில்தான்.)

கிட்லேப் ஆளுங்களே 2017 ஜனவரி 31-ல் தப்பான சர்வரில் டேட்டாபேஸை அழிச்சிட்டு, அஞ்சு வித ஏற்பாடு இருந்தும் தடுமாறினாங்க. டம்ப் எடுக்கிற புரோகிராம் வெர்ஷன் பொருந்தாம தினமும் தோத்துட்டு இருந்திருக்கு, அதைச் சொன்ன மெயிலும் யாருக்கும் போய்ச் சேரலை. ஆறு மணி நேரம் முந்தின ஒரு நகல்தான் காப்பாத்துச்சு. ஒளிக்காம ஊருக்கே சொன்னாங்க பாருங்க, அதுக்கு ஒரு சல்யூட்.

பிக்புளூபட்டன் வச்சிருக்கிறவங்க சிரிக்க வேணாம். புதுசா போட்டா ரகசியச் சாவி மாறும், மூடில் பக்கம் உங்களைத் தெரியாதும்பான்.

இப்போ மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் வாடகைக்கு சர்வர் எடுத்து ரீஸ்டோர் பண்ணிப் பார்க்கறேன். நான் ஒரு ஆள், லேப்டாப்பில் இன்னொரு ஆள், மூணாவது அம்மா. "கேக்குதாடா?"ன்னு அவங்க கேட்டதும் சர்வரை அழிச்சிடுவேன்.