மறதியும் ஒரு சுமைதூக்கியும்

ஈரத்தை நீக்கிவிட்டுப் பார்த்தால் மூளையில் ஏறக்குறைய பாதி கொழுப்புதான். 1907இல் வெளியான கட்டுரையிலேயே ஜெர்மன் டாக்டர் அலாய்ஸ் அல்ஸைமர், தன் நோயாளியின் மூளைச் செல்களில் கொழுப்பு சேர்ந்திருந்ததைக் குறிப்பிட்டிருந்தார். ஆனால் ஆராய்ச்சியாளர்களின் கண் நெடுங்காலம் அமிலாய்ட் படிவுகளின் மீதே இருந்தது.

2011இல் ஆயிரக்கணக்கானவர்களின் மரபணுக்களை அலசியபோது சிக்கியது ஏபிசிஏ7. இது உருவாக்கும் புரதம் செல் சவ்வில் உட்கார்ந்திருக்கும் சுமைதூக்கி. ஏடிபியை எரித்து, கொழுப்பு மூலக்கூறுகளைச் சவ்வின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்குத் தள்ளுகிறது. 2015இல் ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் ஒரு படி மேலே போனார்கள்: இந்தப் புரதத்தை முடக்கும் மரபணுக் கோளாறு இருப்பவர்களுக்கு நோய் வரும் அபாயம் சுமார் இரண்டு மடங்கு.

எப்படி என்பதில்தான் சண்டை. ஏபிசிஏ7 இல்லாத எலிகளின் மூளையில் அமிலாய்ட் அதிகம் தேங்குகிறது. உற்பத்தி கூடுவதாலா, மூளையின் துப்புரவுச் செல்கள் சோர்வதாலா? இரண்டுக்கும் ஆதாரம் காட்டுகிறார்கள். அப்பாவுக்கு மறதி வந்துவிட்டதே என்று பிள்ளைகள் லேப் வாசலில் வரிசை கட்ட வேண்டியதில்லை. கோளாறு இருந்தும் கடைசிவரை தெளிவாக இருப்பவர்கள் உண்டு. அது இல்லாமலே நோய்க்கு ஆளாகிறவர்கள்தான் அதிகம்.