மாமாவுக்கு ஒரு டர்போ பார்சல்!

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போனா நிம்மதியா தூங்கலாம்னு நினைச்சீங்கன்னா, உங்க வீட்ல யாரும் பிக்கப் வண்டி வெச்சில்லைனு அர்த்தம். எங்க மாமா வெச்சிருக்கார். திருத்தணி சந்நிதித் தெருவுல இருந்து மலை மேல இருக்கிற கடைகளுக்குத் தேங்காய், தண்ணி பாட்டில். மத்த நாள்ல பொதட்டூர்பேட்டை, நகரி, புத்தூர்னு நூல் மூட்டையும் துணி பண்டலும். டீசல் வண்டி, டர்போ உண்டு, எட்டு வயசு. இன்னும் ஒரு வருஷ டியூ பாக்கி.

பையை இறக்கி வைக்கிறதுக்குள்ளயே மாமா ஆரம்பிச்சுட்டார். "மாப்ள, நீ மெக்கானிக்கல் தானே படிக்கிற? வி.ஜி.டி. டர்போன்னா என்னடா? நகரி மெக்கானிக் ஆக்சிடென்ட் ஆன எஸ்.யூ.வி.யில இருந்து கழட்டினது ஒண்ணு வெச்சிருக்கானாம். மாட்டிட்டா மலைப்பாதையில வண்டி பறக்குமாம். முப்பத்தஞ்சாயிரம் கேட்கிறான்."

முப்பத்தஞ்சாயிரம்! நாலு மாச டியூ. அதுவும் என் ஒரு வார்த்தையை நம்பி. இண்டர்னல் மார்க் போனா நமக்குப் பழகின விஷயம். மாமா காசு போனா பொங்கலுக்கு வீட்டுக்குள்ள நுழைய முடியாது பாஸ்.

முதல்ல வியாதி என்னன்னு பார்ப்போம். சாதா டர்போ சிம்பிள். எஞ்சின் வெளியே தள்ளுற புகை ஒரு டர்பைன் சக்கரத்தைச் சுத்தும். அதே தண்டுல மறுமுனையில இருக்கிற கம்ப்ரஸர் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள்ள திணிக்கும். காற்று கூடினா டீசலும் கூட எரியும், பவரும் கூடும். 1905-லயே சுவிட்சர்லாந்து இன்ஜினீயர் ஆல்ஃபிரட் பூஷி இதுக்கு பேடன்ட் வாங்கிட்டார். சிக்கல் எங்கேன்னா, குறைஞ்ச ஆர்.பி.எம்-ல புகை பத்தாது. லோடோட வளைவுல செகண்ட் கியர் போட்டு மிதிச்சா டர்போ தூங்கும். அது எழுந்திருக்கிறதுக்குள்ள பின்னாடி வர்ற ஷேர் ஆட்டோ பத்து ஹாரன் அடிச்சிருப்பான். இதுக்குப் பேர்தான் டர்போ லேக்.

சின்ன டர்பைன் வெச்சா சீக்கிரம் சுத்தும், ஆனா வேகத்துல எஞ்சினுக்கு மூச்சு முட்டும். பெரிசு வெச்சா வேகத்துல ஜோர், ஏத்தத்துல படுத்துக்கும். 'ரெண்டும் வேணும்'னு அடம்பிடிச்சவங்க கண்டுபிடிச்சதுதான் வேரியபிள் ஜியாமெட்ரி. டர்பைன் சக்கரத்தைச் சுத்தி வட்டமா சின்னச் சின்ன இறக்கைகள். ஒரே வளையம் எல்லாத்தையும் சேர்த்துத் திருப்பும். புகை குறைவா வரும்போது இறக்கைகள் நெருங்கி வழியைக் குறுக்கும், புகை வேகமெடுத்துச் சக்கரத்தை அறையும். புகை அதிகமானா விரிஞ்சு வழிவிடும். கழனியில வாய்க்கால் மடையை மண்ணு போட்டுக் குறுக்கினா தண்ணி சீறிக்கிட்டு ஓடும் பாருங்க, அதே கதைதான். (ஆடிக் கிருத்திகை கியூவை உதாரணம் சொல்லலாம்னு பார்த்தேன். ஆனா அங்கே வழி குறுகினா எல்லாரும் நின்னுடுவாங்க. காற்றுக்கு இருக்கிற புத்தி நமக்கு இல்லை!)

இது அமெரிக்கா, ஜெர்மனி சமாச்சாரம்னு நினைக்காதீங்க. நம்ம ரோட்டுலயே ஓடினதுதான். 2007-ல டாடா சஃபாரி 2.2 டைகோர், 2008-ல ஸ்கார்பியோ எம்ஹாக். ஸ்கார்பியோ கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். பழைய 2.6 லிட்டர் எஞ்சின் கொடுத்தது 115 குதிரை. புதுசு 2.2 லிட்டர்தான், ஆனா 120 குதிரை! இன்னும் பச்சையா தெரியணும்னா மாருதி. ஸ்விஃப்ட்ல 1248 சி.சி. டீசல் எஞ்சின் சாதா டர்போவோட 75 பி.எஸ்., 2000 ஆர்.பி.எம்-ல 190 நியூட்டன் மீட்டர் டார்க். அதே 1248 சி.சி. 2011-ல எஸ்.எக்ஸ்.4 காருக்குள்ள வி.ஜி.டி.யோட போனப்போ 90 பி.எஸ்., 1750-லயே 200 நியூட்டன் மீட்டர். இந்த எஞ்சினை 2020-ல பி.எஸ்.6 வந்தப்போ மாருதி நிறுத்திட்டாங்க. அது தனி சோகக் கதை.

பிக்கப்பே வேணுமா? இசுஸு டி-மேக்ஸ் முதல்ல நம்ம திருவள்ளூர் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையிலதான் ஒப்பந்தத்துல தயாராச்சு. 2016 ஏப்ரல்ல பார்டர் தாண்டி ஸ்ரீசிட்டியில சொந்த ஆலை திறந்துட்டாங்க. அங்கே தயாராகிற வி-கிராஸ், கம்பெனியிலயே வி.ஜி.டி.யோட வரும், 1.9 லிட்டர்லயே 163 பி.எஸ். டர்போவே செய்யற டர்போ எனர்ஜி கம்பெனிக்கும் சோளிங்கர் பக்கம் புலிவலத்துல தொழிற்சாலை இருக்கு. நம்ம ஊரைச் சுத்தித்தான் இவ்வளவு நடக்குது, நாம லைப்ரரியில தூங்குறோம்!

சரி, மாமா வண்டிக்கு வருவோம். மறுநாள் நகரி போனோம். மெக்கானிக் அண்ணன் பாதி தமிழ், பாதி தெலுங்கு. "பண்டி பிக்கப் லேது தம்பி, இது போட்டா சூப்பர்"னு டர்போவைக் கையில கொடுத்தார். பார்க்க அழகாத்தான் இருந்தது. நான் கேட்ட முதல் கேள்வி: "அண்ணா, இந்த இறக்கையை யார் திருப்புவாங்க?"

அண்ணன் சிரிச்சார். நான் சிரிக்கலை. விஷயமே அங்கேதான் இருக்கு.

அந்த எஸ்.யூ.வி.யில இறக்கையைத் திருப்பச் சொல்றது இ.சி.யு. ஆர்.பி.எம்., பெடல், பூஸ்ட் எல்லாம் பார்த்து ஒவ்வொரு நொடியும் உத்தரவு போடும். மாமா வண்டி இ.சி.யு.வுக்கு இறக்கைன்னு ஒண்ணு இருக்கிறதே தெரியாது. இறக்கை குறுகின நிலையிலேயே நின்னுட்டா, ஹைவேயில வெளியேற வழியில்லாம புகை எஞ்சினையே பின்னாடி அழுத்தும். ஏற்கெனவே நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுத்துக்கு மேல ஓடுற சக்கரம் அளவு மீறிச் சுத்திச் சிதறலாம். விரிஞ்சே நின்னுட்டா பழைய டர்போவைவிட சோம்பேறி ஆகிடும். அப்புறம் இன்னொண்ணு. காற்று மட்டும் கூடினா பவர் வராது, டீசலும் அதுக்கேத்த மாதிரி கூடணும். அதுக்கு இ.சி.யு. புரோகிராமை மாத்தணும். கிளட்சும் கியர்பாக்ஸும் அந்த டார்க்கைத் தாங்கணும். ஃபிளாஞ்ச், ஆயில் லைன் இதெல்லாம் அண்ணன் வெல்டிங்ல முடிச்சுடுவார், அதுல எனக்கு சந்தேகமே இல்லை.

'அமெரிக்காவுல பண்றாங்களே'ன்னு கேட்பீங்க. பண்றாங்க. டாட்ஜ் ராம் பிக்கப்ல 2007-ல வந்த 6.7 லிட்டர் கம்மின்ஸ் எஞ்சினோட வி.ஜி.டி.யைக் கழட்டி, பழைய 5.9 லிட்டர் வண்டியில மாட்டுறது அங்கே ஒரு பொழுதுபோக்கு. ஆனா இறக்கையைத் திருப்பத் தனியா ஒரு கன்ட்ரோலர் வாங்கி, பூஸ்ட் மீட்டர், புகைச்சூடு மீட்டர்னு வெச்சுக்கிட்டு நாள்கணக்கா டியூன் பண்ணுவாங்க. இறங்குற ரோட்டுல இறக்கையை மூடி எஞ்சின் பிரேக்காவும் பயன்படுத்துவாங்க, அது மட்டும் பார்த்தா பொறாமையா இருக்கும். அவங்களுக்கு அது ஞாயித்துக்கிழமை வண்டி. மாமாவுக்கு திங்கள் காலையில நூல் மூட்டை போய்ச் சேரணும்.

சட்டமும் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுங்குது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி பண்ணிச்சு. அதே வருஷத் திருத்தத்துல வந்த 182ஏ பிரிவுப்படி அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொண்ணுக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லைனா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லைனா ரெண்டும். பார்டர்ல தினம் ரெண்டு மாநில செக்கிங் தாண்டுற வண்டிக்கு இது விளையாட்டில்லை.

இவ்வளவும் சொல்லி முடிச்சதும் மாமா முகம் தொங்கிப் போச்சு. "அப்போ மலையில திணறுதே, அதுக்கு என்னடா வழி?" கேள்வி நியாயம். நாலு யூனிட் தெர்மோடைனமிக்ஸ் படிச்சவன் கிட்ட பதில் இல்லை. அப்போ வண்டி கிளீனர் பையன், பதினெட்டு வயசு இருக்கும், "அண்ணே, ஏத்தத்துல மிதிச்சா பானெட்டுக்குள்ள உஸ்ஸுனு ஒரு சத்தம் வருது. ரெண்டு மாசமா சொல்றேன், யாரும் கேட்கலை"ன்னான்.

மெக்கானிக் அண்ணன் டக்குனு வெல்டிங் கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு பானெட்டைத் திறந்தார். இன்டர்கூலருக்குப் போற ரப்பர் ஹோஸ், கிளிப்புக்கு அடியில விரல் நீளத்துக்கு வெடிச்சிருந்தது. சுத்தி எண்ணெய்ப் பிசுக்கு. டர்போ உழைச்சு அமுக்கின காற்றெல்லாம் அங்கேயே வெளியே போயிட்டிருந்தது! ஏர் ஃபில்டரைத் தட்டினா அரை கிலோ தூசி. புது ஹோஸ், கிளிப், ஃபில்டர், கூலி எல்லாம் சேர்த்து மூவாயிரத்துக்குள்ள முடிஞ்சது. முப்பத்தஞ்சாயிரம் போன வருத்தத்தைக் காட்டிக்காம டீ வாங்கிக் கொடுத்தார் பாருங்க, அண்ணன் பெரிய மனுஷன்.

ஒருவேளை உங்க வீட்டு வண்டியிலயே கம்பெனி வி.ஜி.டி. இருந்தா ஒரு வார்த்தை. ஊருக்குள்ளயே உருட்டிக்கிட்டிருந்தா கரி படிஞ்சு இறக்கை ஒட்டிக்கும், அப்பப்போ ஹைவேயில நல்லா மிதிச்சு ஓட்டுங்க. ஏத்தம் ஏறி வந்ததும் உடனே சாவியைத் திருப்பாதீங்க. ஒரு நிமிஷம் ஐடிலிங்ல விட்டாத்தான் சூட்டுல ஆயில் கருகாம இருக்கும்.

சாயந்திரமே தேங்காய் லோடோட மலை ஏறிப் பார்த்தோம். பறக்கலை. ஆனா செகண்ட்ல திணறாம ஏறிச்சு. கிளீனர் தம்பிக்கு மாமா முன் சீட்ல இடம் கொடுத்திருந்தார், நான் பின்னாடி தேங்காய் மூட்டை மேல!

இறங்கும்போது மாமா கேட்டார்: "ஏன் மாப்ள, புலிவலத்துல டர்போ ஃபேக்டரி இருக்குன்னியே, படிப்பு முடிஞ்சதும் அங்கே வேலைக்குப் போடேன்?"

ரெண்டு அரியர் இருக்கிறதை இன்னும் சொல்லலை. நீங்களும் சொல்லிடாதீங்க!