விரலைப் பழிப்பதற்கு முன்

4,500 ரூபாய் கொடுத்து நாம் வாங்கிய கிதார் ஆறு மாத காலம் சுவரோரம் சாய்ந்தே கிடந்தது. விரல் நுனிகள் கன்றிப்போயின. ‘எஃப்’ கார்டு ஒருநாளும் முழுதாக ஒலிக்கவில்லை. நாற்பதைக் கடந்த பின் இசை கற்க முனைந்தது நம் பேதைமை என்றே முடிவு கட்டியிருந்தோம். பழுது பார்ப்பவர் ஒருவர் அதை வாங்கி அரைமணி நேரம் அராவிக் கொடுத்த பிறகே உண்மை விளங்கிற்று. கம்பிகள் நிற்கவேண்டிய உயரத்தைப்போல் ஏறக்குறைய இருமடங்கில் நின்றிருந்தன.

மலிவு விலைக் கிதாரைக் குறித்துப் பேசுவோர் முதலில் மரத்தைப் பற்றியே பேசுகிறார்கள். உயர்ந்த விலைக் கருவிகளில் மேற்பலகை முழுமரத்தில் அறுத்தது, மலிவானவற்றில் ஒட்டுப்பலகை. ஒட்டுப்பலகையின் நாதம் சற்று அடங்கியே ஒலிக்கும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் காற்றின் ஈரம் ஏறி இறங்குகையில் அது எளிதில் வெடிப்பதில்லை. கற்கத் தொடங்குபவரை இசையைவிட்டு விரட்டுவது மரமன்று என்பதே நம் கருத்து. விரட்டுபவை வேறு மூன்று.

முதலாவது, கம்பியின் உயரம். பன்னிரண்டாம் மெட்டுக்கு மேலே தடித்த கம்பி ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர், மெல்லிய கம்பி 2 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால் போதும். மிகுந்திருப்பின் குதிரையின்மேல் செருகிய வெள்ளைப் பட்டையை அடிப்புறம் அராவ வேண்டும். அங்கே 1 மில்லிமீட்டர் குறைத்தால் பன்னிரண்டாம் மெட்டில் அரை மில்லிமீட்டர் தாழும். இரண்டாவது, தலைப்பக்கத்துச் சிறு பட்டையில் கம்பிகள் அமரும் வெட்டுகள். அவை ஆழமின்றி இருந்தால் முதல் மெட்டில் விரல் தோற்கும். ‘எஃப்’ கார்டு படுத்தும் பாட்டுக்குப் பல வேளைகளில் இதுவே காரணம். மூன்றாவது, சுருதி. பன்னிரண்டாம் மெட்டு கம்பியின் நடுப்பகுதி. அங்கே அழுத்தாமல் தொட்டு மீட்டும் ஒலியும் அழுத்தி மீட்டும் ஒலியும் ஒன்றாதல் வேண்டும். கம்பியைப் புதிதாக மாற்றி, உயரத்தைத் தாழ்த்திய பின்னும் இரண்டும் பெரிதும் வேறுபட்டால், அக்கருவியை எந்த விலைக்கும் வாங்கலாகாது.

கருவியைக் குறைகூறுதல் ஆடத்தெரியாதவரின் சாக்கு என்னும் எண்ணம் நம்மிடம் ஊறிக் கிடக்கிறது. சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையோடு இசைப்போட்டிக்கு வந்த சீவகன் என்ன செய்தான்? நீரில் நின்ற மரம், அழுகிய மரம், வெந்த மரம், இடி விழுந்த மரம் எனத் தன்முன் வைத்த யாழ்களை விலக்கினான். நரம்பின் முறுக்கைப் பிரித்து உள்ளிருந்த மயிரையும் எடுத்துக் காட்டினான். அச்சோதனை அவன் புலமைக்குச் சான்றாகவே காப்பியத்தில் நிற்கிறது.

சீவகனுக்குக் கருவியின் குறை தெரியும். முதன்முதலாகக் கிதாரைத் தொடும் பிள்ளைக்குத் தெரியாது. ‘எனக்குக் கை வராது ஐயா’ என்று அது தன்னையே பழித்துக்கொண்டு ஒதுங்கிவிடுகிறது. விற்பவர் அரைமணி நேரம் செலவிட்டுச் சீர்செய்து கொடுத்தால் தீரும் துன்பம் இது. அவர் செய்யாவிடில் வாங்குபவரே சில நூறு ரூபாயைச் சீர்செய்வதற்கென விலையோடு சேர்த்து ஒதுக்கிவைத்தல் நலம்.

நம் கிதாரின் நாதம் இன்றும் கம்மியதுதான். ‘எஃப்’ கார்டு மட்டும் ஆறு கம்பியிலும் ஒலிக்கிறது.