பட்டறையில் செய்த வண்டிக்கு ரோட்டில் இடமுண்டா?



வண்டியில் கை வைத்தாலே குற்றம் என்று நம்மில் சிலர் பயப்படுகிறோம். வேறு சிலரோ, "பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தா பாத்துக்கலாம்டே" என்று துணிந்து வெல்டிங் ராடைக் கையில் எடுக்கிறோம். சட்டம் என்ன சொல்கிறது என்று படித்துப் பார்த்தவர்கள் இரு பக்கத்திலும் குறைவு. மூன்று வருஷம் ஆட்டோமொபைலும் மெக்கானிக்கலும் படித்துவிட்டு அதைக்கூடத் தெரியாமல் வெளியே போகலாமா?

1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் 52-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. கம்பெனி சொன்ன விவரத்துக்கும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரத்துக்கும் வித்தியாசம் வரும்படி எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றக்கூடாது என்பதே அதன் சாரம். கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கறாராகச் சொல்லிவிட்டது. அதே வருஷத் திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்பதைக் கவனியுங்கள். நாலு மாற்றம் செய்தால் நாலு கணக்கு.

நம்ம புளியங்குடியில் இது எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. எலுமிச்சை மூட்டை ஏற்றுகிற லோடு வண்டிக்குக் கூடுதலாக ஒரு பட்டை போடுவதும், பாடியை ஒரு முழம் உயர்த்துவதும் இங்கே காபி குடிப்பது மாதிரி. ஊருக்குள் ஓடும்வரை யாரும் கேட்பதில்லை. புளியரை தாண்டி ஆரியங்காவுப் பக்கம் போனால்தான் வயிற்றில் புளி கரைக்கும். எங்கள் தெரு அண்ணாச்சி ஒருவர் அப்படிப் பட்டை போட்ட வண்டியில் போய் விபத்தில் மாட்டினார். யாருக்கும் பெரிய காயம் இல்லை. ஆனால் இன்சூரன்ஸ்காரர்கள் வந்து பார்த்து, "இது பாலிசியில் உள்ள வண்டியே இல்லையே" என்று கை விரித்துவிட்டார்கள். அபராதத்தை விட அதுதான் அவரை மடக்கிப் போட்டது. கூடுதல் பட்டை போட்டால் தாங்கும் எடை கூடும் என்பது பட்டறைக் கணக்கு. பிரேக் அதே பிரேக், ஆக்ஸில் அதே ஆக்ஸில் என்பது நாம் வகுப்பில் படித்த கணக்கு. இரண்டாவதைப் பட்டறையில் யாரும் போட்டுப் பார்ப்பதில்லை.

அப்படியானால் வழியே கிடையாதா? இருக்கிறது. அதே 52-வது பிரிவிலேயே வாசல்கள் உண்டு. பெட்ரோல் வண்டியை எரிவாயுவுக்கோ பேட்டரிக்கோ மாற்ற, அங்கீகாரம் பெற்ற கிட் இருந்தால் மாற்றி, ஆர்.சி.யில் எரிபொருள் பதிவையும் திருத்திக்கொள்ளலாம். பேட்டரிக்கு மாற்றும் கிட்டுகளுக்கென்றே ஏ.ஐ.எஸ். 123 என்ற தரநிர்ணயம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்காக வண்டியை மாற்றி அமைக்கவும் சட்டம் இடம் தருகிறது. நம் அரசாங்கமே இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரை இலவசமாக வழங்குகிறதே, அது மாற்றியமைத்த வண்டி இல்லாமல் வேறென்ன? கரூரில் பஸ் பாடியும் நாமக்கல்லில் லாரி பாடியும் கட்டுகிறார்களே, அதுவும் சட்டப்படிதான். சேஸிஸ் கம்பெனி பாதி, பாடி கட்டியவர் பாதி என்று 22ஏ படிவத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்கிறார்கள். ஆக, கம்பெனிக்கு வெளியே பட்டறையில் நடந்த வேலை என்பதற்காகவே சட்டம் அதை ஒதுக்குவதில்லை. கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்க ஒரு ஆள் வேண்டும் என்கிறது, அவ்வளவுதான்.

2019 திருத்தத்துக்கு முன்பு இந்தப் பிரிவில் ஒரு வேடிக்கையும் இருந்தது. பத்து டிரான்ஸ்போர்ட் வண்டிகளுக்குக் குறையாமல் வைத்திருப்பவருக்கு, அதே கம்பெனி, அதே வகை இன்ஜினாக இருந்தால் முன் அனுமதி இல்லாமலே மாற்றிக்கொள்ள மாநில அரசு சலுகை கொடுக்க முடிந்தது. மாற்றிய 14 நாளுக்குள் தகவல் சொன்னால் போதுமாக இருந்தது. ஒரே ஒரு வண்டியை வைத்துப் பிழைத்தவன் மட்டும் முதலில் மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது! எண்ணிக்கையைப் பார்த்து வருகிற நம்பிக்கை என்ன நம்பிக்கையோ?

இப்போது நம் விஷயத்துக்கு வருவோம். ஃபைனல் இயர் புராஜெக்டில் பழைய மொபெட்டையோ ஆட்டோவையோ பேட்டரி வண்டியாக மாற்றாத செட் உண்டா? மோட்டார், கன்ட்ரோலர், வயரிங் என்று எல்லாம் நம் கையாலேயே. வைவாவுக்கு வந்த எக்ஸ்டர்னல் தட்டிக்கொடுத்துவிட்டும் போவார். ஆனால் காலேஜ் கேட்டைத் தாண்டி அதை ஓட்ட முடியாது. முறைப்படி போவதென்றால் கிட் முழுவதையும் மத்திய அரசு அங்கீகரித்த சோதனை நிலையத்தில் கொடுத்து டைப் அப்ரூவல் வாங்க வேண்டும். அது புனேயில் இருக்கிறது, சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் இருக்கிறது. இங்கிருந்து ஒரகடம் கிட்டத்தட்ட 600 கிலோமீட்டர். தூரத்தைக்கூட விடுங்கள். அந்த முறையே ஆயிரக்கணக்கில் கிட் செய்து விற்கிற கம்பெனிக்காக வகுத்தது. ஒரே ஒரு வண்டியைச் செய்தவன் அந்தச் செலவை எப்படித் தாங்குவான்? ஒற்றை வண்டிக்கு ஏற்ற வழி நம் நாட்டில் இல்லை. என் ஆதங்கமெல்லாம் இந்த ஒரு இடத்தில்தான்.

ஆஸ்திரேலியாவில் அந்த வழி இருக்கிறது. வி.எஸ்.பி. 14 என்று ஒரு தேசிய நடைமுறைத் தொகுப்பை வைத்திருக்கிறார்கள். இன்ஜின், பிரேக், சஸ்பென்ஷன், சீட் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பகுதி. சின்ன மாற்றம் என்றால் சான்றிதழே வேண்டாம். பெரிய மாற்றம் என்றால் அரசு அங்கீகரித்த பொறியாளர் ஒருவர் வந்து பார்ப்பார். தேவைப்பட்டால் பிரேக் சோதனை, பாதை மாற்றிப் பார்க்கிற சோதனை, சேஸிஸ் முறுக்குச் சோதனை எல்லாம் நடக்கும். திருப்தி என்றால் சான்றிதழ் தருவார், அதைக் காட்டிப் பதிவு செய்துகொள்ளலாம். எவ்வளவு பெரிய இன்ஜின் போடலாம் என்பதற்குக்கூடக் கணக்கு வைத்திருக்கிறார்கள்: 1,100 கிலோவும் அதற்கு மேலும் உள்ள காருக்கு, டர்போ இல்லாத இன்ஜின் என்றால் எடையை 5-ஆல் பெருக்கு, டர்போ என்றால் 3-ஆல் பெருக்கு, வருவதுதான் சி.சி.யின் உச்சவரம்பு. நம்ம அப்ளைடு மெக்கானிக்ஸ் நோட்டில் போடுகிற கணக்கை விடச் சுலபம்! அங்கேயும் குறை இல்லாமல் இல்லை. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறுகிறது, செலவும் கூடுதல்தான். ஆனாலும் 'முடியாது' என்று சொல்வதற்கும் 'இப்படிச் செய்தால் முடியும்' என்று சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறதல்லவா?

"இவன் சைலன்ஸரைக் கழற்றி ஓட்டுகிறவனுக்கு வக்காலத்து வாங்குகிறான்" என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். நடுராத்திரி பஜாரில் பட்டாசு மாதிரி வெடித்துக்கொண்டு போவதில் என்ன இன்ஜினியரிங் இருக்கிறது? ஆஸ்பத்திரி வாசலில் நின்று கேட்டுப் பாருங்கள், தெரியும். முன்னால் கம்பிக் கேடயம் மாட்டுவதை 2017 டிசம்பரில் மத்திய அரசு தடுத்ததும் சரிதான். நடந்து போகிறவனின் இடுப்பை அது உடைக்கும். ஏர்பேக் சென்சாரையும் ஏமாற்றும். அழகுக்கு மாட்டியது உள்ளே இருப்பவனுக்கே எமனாகிறது. இந்த மாதிரி வேலைகளால்தான் ஒழுங்காகச் செய்கிறவனையும் சேர்த்துச் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். நம் கிளாஸிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள், பெயர் சொல்லவில்லை, அவர்களுக்கே தெரியும்.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். மோட்டார் வாகன ஆய்வாளர் வேலைக்கு அடிப்படைத் தகுதி என்ன? ஆட்டோமொபைல் அல்லது மெக்கானிக்கல் டிப்ளமா. அதாவது நம் படிப்பு! எப்.சி.க்கு வருகிற பஸ்ஸையும் லாரியையும் பார்த்து 'ஓடலாம்' என்று கையெழுத்துப் போட ஒரு டிப்ளமாக்காரரை அரசாங்கம் நம்புகிறது. அதே ஆள், ஒழுங்காக வெல்டிங் செய்து, பிரேக்கும் மாற்றிப் பலப்படுத்தி வந்த ஒரு வண்டியைச் சோதித்து 'இது சரி' என்று எழுத மட்டும் அதிகாரம் இல்லை. இது என்ன நியாயம்? மாவட்டத்துக்கு ஒரு இடத்தில், பாலிடெக்னிக் லேப்பையே பயன்படுத்தி, ஒற்றை வண்டிகளைச் சோதித்துச் சான்று தர ஏற்பாடு செய்தால் என்ன? தென்காசி தனி மாவட்டமாகி 2019 முதல் வருஷங்கள் ஓடிவிட்டன. இதையும் கேட்கலாமே!

52-வது பிரிவைத் திருத்துவது டெல்லி வேலை. நம் பேரவையால் ஆகாது. போக்குவரத்து ஆணையருக்கு மனு எழுதுவது ஆகும். வருகிற வருஷத்துப் பேரவைச் செயலாளராக யார் வந்தாலும், புராஜெக்ட் வண்டிகளின் டிராயிங், பிரேக் கணக்கு, போட்டோ எல்லாவற்றையும் சேர்த்து ஒரு ஃபைல் போட்டு, அந்த மனுவோடு அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். என் செட்டின் டிராயிங் தயாராக இருக்கிறது. மற்ற செட்காரர்கள் ஆண்டுத் தேர்வுக்கு முன்னால் என்னிடமோ ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர் சாரிடமோ கொடுத்துவிடுங்கள்.